அத்துமீறல்

மகள் நஸ்ரின் காய்ச்சலில் இறந்தபோது சவூதியின் தம்மாமிலிருந்து வர முகம்மது சுல்தானுக்கு லீவு கிடைக்கவில்லை. ஏழு மாதம் கழித்து ஊர் வந்து, பிள்ளையின் கபுறையாவது பார்ப்போம் என்று போனால், குறுக்கே கம்பிவேலி நிற்கிறது! திருச்சுழி ரோட்டோரக் கரிசலை வாங்கிய சோலார் கம்பெனிக்காரன் பிள்ளையை அடக்கியிருந்த மையவாடியில் பாதியையும் சேர்த்து வளைத்துவிட்டான். ஓடைதான் எங்கள் எல்லை என்று ஜமாத்து போட்ட வழக்கு அருப்புக்கோட்டைக் கோர்ட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தது.

வழக்காவது மண்ணாங்கட்டியாவது! பெற்ற மனசு அதையெல்லாம் பார்க்குமா? கம்பியைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்தான். மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஓதி முடிப்பதற்குள் வாட்ச்மேன் போலீசுக்குப் போனைப் போட்டுவிட்டான்.

ஸ்டேஷனில் கம்பெனி மேனேஜர் சுந்தரபாண்டி தேனொழுகப் பேசினார்.

"கேஸாச்சுன்னா விசா போயிரும் பாய். எதுக்கு வம்பு? 'அத்துமீறி நுழைந்தது என் தவறு'ன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. லீவு முடிஞ்சதும் நிம்மதியா ஃப்ளைட்டு ஏறலாம்."

அத்துமீறல் என்றால் அடாவடி என்றுதான் சுல்தான் நினைத்திருந்தான். பேப்பரில் ரவுடிகளைப் பற்றி எழுதும்போது வருகிற வார்த்தையாயிற்றே. கம்பியைத் தூக்கியது அடாவடிதான், மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று கையெழுத்தைப் போட்டான். நகல் ஒன்று கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவி ஜன்னத் அதை வாங்கிப் படித்தாள். தெருப் பிள்ளைகளுக்கு அரபு ஓதிக்கொடுக்கிறவள் அவள். 'அத்துமீறி' என்ற வார்த்தையில் விரலை வைத்தாள்.

"அத்துன்னா என்ன மச்சான்?"

"அடாவடி."

"அட அல்லாவே! அது நம்ம ஹத்து மச்சான். அரபு வார்த்தை. தமிழ்ல தேஞ்சு அத்துன்னு ஆயிருச்சு. ஹத்துன்னா என்னன்னு உங்களுக்கா தெரியாது?"

பன்னிரண்டு வருஷம் அரபு நாட்டில் லாரி ஓட்டியவனுக்கு அது தெரியாதா என்ன?

"எல்லை," என்றான்.

"எல்லைய மீறுனேன்னு எழுதிக் குடுத்திருக்கீக. அப்ப அவுக போட்ட வேலிதான் எல்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டதாயிருச்சுல்ல? கோர்ட்டுல இதைத்தான் நீட்டுவாக."

செருப்பைக் கூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு ஓடினான். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள் என்று கும்பிட்டான், அழுதான். அசல் கம்பெனி வக்கீலுக்குப் போய் ஒரு மணி நேரமாயிற்று என்றார்கள்.

திரும்பி வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மண்ணு போடத்தான் வரலை," என்றான். "இப்ப வந்து எம்புள்ளைய நானே அவுகளுக்கு எழுதிக் குடுத்துட்டேன் ஜன்னத்து."