நடுக்கத்தை வடிகட்டிய மணி

பக்கவாதம் வந்தபின் அம்மாவுக்கு வலது கை மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்டது, அதுவும் நடுங்கிக்கொண்டே. மகன் ரேடியோ மெக்கானிக். அந்தக் கைக்குள் ஒரு பொத்தானைக் கொடுத்து, கம்பியைச் சுவரோரமாக இழுத்து, அடுத்த அறையில் தன் வேலை மேசைக்கு மேலே மணியை மாட்டினான். விரல் நடுங்கும்போதெல்லாம் அது அலறியது.

"இது வீடா, தீயணைப்பு நிலையமா?" என்றாள் அக்கா. "கூப்பிடுறது எது, நடுங்குறது எதுன்னு தெரியாம ஓடி ஓடி என் கால் தேஞ்சதுதான் மிச்சம்."

"ரெண்டையும் பிரிச்சிரலாம்க்கா."

ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், அவ்வளவுதான். "இது ஒடுக்கமான குழாய், இது ஓட்டை வாளி. நடுக்கம் விட்டு விட்டு வரும், வாளி நிரம்பறதுக்குள்ள வடிஞ்சிடும். நெஜமா கூப்பிட்டா அழுத்திப் பிடிப்பாங்க. நிரம்பும், மணி அடிக்கும்."

"அப்படியே உன் வாய்க்கும் ஒண்ணு மாட்டிக்க."

அதன்பிறகும் மணி இடையிடையே சிணுங்கியது. வாளியைப் பெரிதாக்க, இன்னும் பெரிய கெபாசிட்டராகப் போட்டான். தன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான், கச்சிதமாக அடித்தது. வீடு அடங்கியது. அக்காவும் தம்பியும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஒரு பிற்பகல், வேலையை நிறுத்திவிட்டு டீயோடு உள்ளே போனவன் கதவருகிலேயே நின்றுவிட்டான். அம்மா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்க, நனைந்த துணியோடு கிடந்தாள். பொத்தான் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் அதை அழுத்தியது, வழுக்கியது, மறுபடி அழுத்தியது. மணி வாயே திறக்கவில்லை. அழுத்திப் பிடிக்கும் தெம்பு அந்த விரலை விட்டு எப்போதோ போயிருந்தது.

பொத்தானை எடுத்து வைத்துவிட்டு, அக்காவும் அவனுமாகத் தூக்கிப் படுக்கவைத்தார்கள். அக்கா துணி மாற்றினாள். அவன் கெபாசிட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்து பொத்தானை நீட்டினான்.

"இனிமே தொட்டாலே அடிக்கும்மா."

அம்மா விரல்களை விரிக்கவில்லை. "நாலஞ்சு நாளாவே கூப்பிட்டேன்," என்றாள், குழறிய நாக்கோடு. "கேட்டும் வரலைன்னு நெனச்சேன். தப்பில்லப்பா. நீங்களும் எவ்வளவுதான் ஓடுவீங்க?"

அவன் குழாயைச் சொன்னான், வாளியைச் சொன்னான், ஓட்டையைச் சொன்னான். சின்ன வயதில் அவன் சொன்ன பொய்களைக் கேட்ட அதே பொறுமையோடு அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.