பெயர் கரைந்த விதை

ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய்விட்ட முப்பதுகளின் தொடக்கத்தில், மலாய் நாட்டுக் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி ஒன்றில் ஜெயபாலன் ஆசிரியராக இருந்தார். அவர் ஒருவர்தான் ஆசிரியர். அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரு கரும்பலகை, சில பெஞ்சுகள், அவ்வளவுதான் பள்ளி.

அந்த ஆண்டு அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிதோறும் காய்கறித் தோட்டம் போட வேண்டும். பிள்ளைகள் எழுத்தோடு பயிர்வேலையும் கற்க வேண்டும். கப்பலில் வந்து இறங்கும் உணவையே நாடு நம்பியிருக்கக் கூடாது. விதையை அரசாங்கமே தரும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, தோட்டம் நன்றாக இருந்தால்தான் மானியம்.

விதைப் பொட்டலங்கள் ஒரு மழைநாளில் லாரியில் நனைந்துகொண்டே வந்தன. வெண்டை, கத்தரி, பயற்றங்காய் எல்லாம் பார்த்ததுமே தெரிந்துவிட்டன. ஒரு பொட்டலத்தில் மட்டும் பெயர் எழுதிய மை கரைந்து நீலக் கறையாகிக் கிடந்தது. உள்ளே தட்டையாக, சற்றே சதுரமாக, பழுப்பு நிற விதைகள்.

"இது என்னாங்க வாத்தியாரே?" என்று எட்டிப் பார்த்தாள் தனலெட்சுமி.

அவள் பக்கத்து ஆயாக் கொட்டகையில் வேலை செய்பவள். ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகும் பெண்களின் கைக்குழந்தைகளைத் தூளியில் போட்டு ஆட்டுவாள். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் பள்ளிப் பக்கம் வந்து நிற்பது அவளுக்கு வழக்கம்.

"தெரியலையேக்கா."

"தெரியாட்டி என்னா, போடுங்க. மண்ணுக்குத் தெரியும்ல."

போட்டார்கள். கொடியாக எழுந்தது. மும்மூன்று இலையாக விரிந்து, நட்ட கம்பையெல்லாம் தாண்டிப் பள்ளிக் கூரையைத் தொட்டது. ஊதா நிறத்தில் பூத்தது. அவரைதான் என்றார் தோட்டத்துக் கிராணி மணியம். கணக்கு எழுதும் ஆபீசிலிருந்து தினமும் அந்த வழியாகப் போகிறவர் அவர். ஜெயபாலனுக்கும் அவரை என்றே பட்டது. ஆனால் பிடித்த காயில் சுனை இருந்தது. பறித்த கை அரித்தது. பிஞ்சைச் சமைக்க யாருக்கும் மனம் வரவில்லை. காய்கள் முற்றிக் காய்ந்து தொங்கின.

"பருப்பு விக்கிற விலையில இத ஏன் வீணாக்கணும்? சுண்டலாவது ஆகுமான்னு பாக்குறேன்" என்று தனலெட்சுமி மடி நிறையப் பறித்துப் போனாள்.

மறுநாள் காலை, பாடம் தொடங்கும் முன்பே அவள் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வாத்தியாரே, வந்து பாருங்க. சீக்கிரம் வாங்க."

கொட்டகைக்குப் பின்னால் ஓடும் அல்லூர் வாய்க்காலில் சின்னச் சின்ன மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. சில இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"தோல் கெட்டியா இருந்துச்சு, ஆட்டுக்கல்லுல உடைச்சு ஊறப் போட்டேன். இப்பத்தான் அந்தத் தண்ணிய இதுல ஊத்துனேன். ஊத்திட்டு சட்டிய கழுவுறதுக்குள்ள இப்பிடி." அவள் கழுவிய சட்டியைக் காட்டினாள். "அடுப்புல ஏத்தியிருந்தா எம் புள்ளைங்களுக்குத்தான் மொதல்ல குடுத்திருப்பேன்."

ஜெயபாலன் பள்ளிக் கூரையில் படர்ந்திருந்த கொடியைத் திரும்பிப் பார்த்தார். எத்தனை பிள்ளைகள் அந்தக் கொடியடியில் விளையாடியிருக்கிறார்கள்! உடனே மிச்சக் காய்களையெல்லாம் பறித்து, எரித்துவிடச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பினார். சேதி தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போன வேகத்தில் கிராணிக்கும் போய்விட்டது.

"அலமாக்! பள்ளிக்கூடத் தோட்டத்துல விஷச் செடியா?" மணியம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வர்றாரு. மானியம் போச்சுன்னா துரை பள்ளிக்கூடத்தையே மூடிடுவாரு. பிடுங்கிப் போடுங்க, இப்பவே."

கொடியை அறுத்து இழுத்தார்கள். அடித்தண்டு வரவில்லை. ஜெயபாலன் மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டி, தண்டை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். மண் பிளந்து, வெளிறிய பெரிய கிழங்கு ஒன்று பம்பர வடிவில் வெளியே வந்தது. அடுத்ததிலும் அப்படியே.

"இதையும் குழி வெட்டிப் புதைங்க" என்றார் மணியம்.

தனலெட்சுமி கிழங்கின் தோலை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் துணி போல உரிந்தது. உள்ளே தேங்காய்ப் பத்தை போல வெள்ளை.

"புதைக்கிறத நாளைக்குக்கூட புதைக்கலாங்க. என்னான்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

"விஷச் செடியோட கெழங்கும்மா!"

"வெத விஷம். கெழங்க யாரு கண்டா?"

ஜெயபாலனுக்கும் அதே நினைப்புதான். பெரிய கிழங்காக ஒன்றைச் சாக்கில் சுற்றி, கொடியில் ஒரு துண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளில் காஹாங்குக்குப் புறப்பட்டார். இதற்கு முன்னும் டவுனில் விசாரித்ததுண்டு. ஆனால் 'ஊதாப் பூப் பூக்கிற கொடி' என்று சொன்னால் யாருக்கு என்ன விளங்கும்?

மெர்சிங் சாலையோரம் அய்யூப் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர். சாக்கைப் பிரித்ததும் அவர் சிரித்தார்.

"இது செங்குவாங் கெழங்கு லா, வாத்தியாரே! காயும் பழமும் கலக்குற நம்ம ரோஜாக்குல சீவிப் போடுவோமே."

ஜெயபாலன் கொடியை நீட்டி, மீன்கள் செத்த கதையைச் சொன்னார். அய்யூப்பின் சிரிப்பு நின்றது.

"கொடிய நான் கண்டதில்ல. மலாய்க்காரங்க கம்பத்து ஊருலேருந்து கெழங்காத்தான் கொண்டாந்து குடுப்பாங்க." உள்ளே போய்த் தம் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து வந்தார். இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெட்டினார். அதே வெள்ளை. அதே பச்சை வாசம். கத்தியில் அதே தெளிந்த நீர். மோந்து பார்த்தார்கள், விரலால் தொட்டுப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்க சாப்பிட்டுப் பாக்காதீங்க" என்றார் அய்யூப். "ஏதாவது ஆச்சுன்னா எங் கடைப் பேரு கெட்டுப்போயிடும்."

ஜெயபாலன் அதற்குள் தோட்டத்துக் கிழங்கில் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டார். மொறுமொறுவென்று இருந்தது. கொஞ்சம் இனிப்பு, வாய் நிறையத் தண்ணீர். அய்யூப் அவரை விடவில்லை. "வயித்த வலிக்குதா? தலை சுத்துதா?" என்று கேட்டுக் கேட்டு, வெயில் சாயும்வரை பெஞ்சிலேயே உட்கார்த்தி வைத்திருந்தார். கிழங்கு கொண்டுவரும் மலாய்க்காரப் பெண் அந்த நேரம் வந்து, கொடியைப் பார்த்து உறுதி சொன்னாள்: கிழங்கைத் தின்னலாம், விதையைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகுதான் அய்யூப் தாமும் ஒரு துண்டு எடுத்துத் தின்றார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மணியம் வியர்த்துப்போய் நின்றார். வெண்டைக்கும் கத்தரிக்கும் நடுவே தோண்டிப் போட்ட குழிகள் வரிசையாகக் கிடந்தன. ஜெயபாலன் எதையும் மறைக்கவில்லை. பொட்டலம் நனைந்ததிலிருந்து மீன் மிதந்தது வரைக்கும் சொல்லி, சீவிய கிழங்கையும் முன்னால் வைத்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மீன் எவ்வளவு நேரத்துல செத்துச்சு?"

"சட்டி கழுவுற நேரங்க" என்றாள் தனலெட்சுமி, கொட்டகை வாசலிலிருந்தே.

"நானும் இந்தக் கெழங்க சாப்பிட்டிருக்கேன். வெத இப்பிடின்னு எனக்கும் தெரியாது." அவர் ஒரு துண்டு எடுத்துக் கடித்தார். அப்புறம் இன்னொன்று. "விஷ வெதைய ஒரு வார்த்தை சொல்லாம பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கோம். இத ஆபீசுல நான் சொல்லத்தான் வேணும்." மானியத்தைப் பற்றி மணியம் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, "தோட்டம் இருக்குதே, வெளஞ்சும் இருக்குதே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அந்த ஆண்டு மானியம் வந்தது.

மிச்சக் கிழங்குகளை லயத்துக்குப் பங்கிட்டார்கள். சாம்பாரில் போட்டவர்கள், எவ்வளவு கொதித்தாலும் மொறுமொறுப்பு போகவில்லையென்று திட்டினார்கள். உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுப் பச்சையாகத் தின்றவர்கள் மறுபடி கேட்டு வந்தார்கள்.

தனலெட்சுமிக்கு அது முதல் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெயர் தெரியாத எந்தக் கொடியைக் கண்டாலும் அடியில் தோண்டிப் பார்ப்பாள். ரப்பர் மரங்களுக்கிடையே தரைமூடப் போட்டிருந்த கொடியைக்கூட விட்டுவைக்கவில்லை. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சத்தம் போட்டார்.

"ஒண்ணுமில்லீங்க மண்டோரே, வெறும் வேருதான்" என்று மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, இடுப்பில் இருந்த குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, அவள் அடுத்த கொடியைப் பார்க்கப் போனாள்.