பழுப்புத் தாடை

பாலாற்று மணலைச் சலித்துச் சலித்தே எதியென் மொரோவுக்குத் தலை நரைத்துவிட்டது. ஆதி மனிதனைத் தேடி பிரான்சிலிருந்து வந்தவர். புதுச்சேரியில் வீடு, ஆம்பூரில் கூடாரம். இருபது வருஷத்தில் கிடைத்ததெல்லாம் கல்லாயுதங்கள்தான். “கல்லைக் காட்டியது போதும், ஆளைக் காட்டும்” என்று பாரிஸ் பண்டிதர்கள் கேலி செய்தார்கள்.

1924 கோடையில் ஆள் அகப்பட்டான். ஆற்றங்கரைச் சரிவில், மூன்று பல்லோடு ஒரு கீழ்த்தாடை. வறுத்த காப்பிக்கொட்டைப் பழுப்பு. அந்த நிறமே லட்சம் வருஷத்துக்குச் சாட்சி என்று மொரோ துள்ளினார். சுரண்டிப் பார்க்கவில்லை, எடை பார்க்கவில்லை. தெரியாதவரா? ஆசை கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான். அன்றே பாரிஸுக்குக் கடிதம் எழுதி உறையில் போட்டார்.

தபாலுக்குப் போகிற வழியில் ரஃபி அகமதுவிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. கரையோரத் தோல் பதனிடும் கொட்டகையில் அவர் மேஸ்திரி; பத்து வருஷப் பழக்கம்.

ரஃபி தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய், தோல் ஊறும் தொட்டியின் அடியிலிருந்து ஓர் ஆட்டெலும்பை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார். அதே பழுப்பு.

“தோலோட ஒட்டிக்கினு வந்தது தொரை. ஆவாரம்பட்டைத் தண்ணில கெடந்தா ஆறே மாசத்துல இப்டி ஆய்டும். எங்க கழிவுத் தண்ணி அந்தச் சரிவு வழியாதான ஆத்துக்குப் போவுது?”

மொரோவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “ஆட்டோட மனுஷனைச் சேர்க்காதீங்க, மேஸ்திரி!”

சொல்லிவிட்டாரே தவிர, கை தானாகக் கத்தியை எடுத்தது. தாடையின் உடைந்த ஓரத்தைச் சுரண்டினார். ஒரு நூல் ஆழத்துக்குக் கீழே எலும்பு வெள்ளை வெளேரென்று இருந்தது; பழுப்பெல்லாம் மேல்சாயம்தான். மொரோ அப்படியே பட்டைக் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த விஷயம் ரஃபியைத் தவிர யாருக்கும் தெரியாது. கடிதம் சட்டைப் பையிலேயே இருந்தது. அனுப்பிவிடலாமா என்று அந்தப் பாழும் மனசு ஒரு கணம் கணக்குப் போட்டது.

“இருவது வருசத்துக்கு முன்ன வெள்ளம் வந்துச்சே, அதுல எங்க அண்ணன் போய்ட்டாரு. மையத்து கூட கெடைக்கல” என்றார் ரஃபி. “இது அவரா, வேற யாரோ, அல்லாவுக்குத்தான் தெரியும். யாரா இருந்தா இன்னா, அடக்கம் பண்ணணும். குடுங்க தொரை.”

மொரோ இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.

சாயங்காலம் வெள்ளைத் துணியில் சுற்றி அடக்கம் செய்தார்கள். மொரோவும் மூன்று கைப்பிடி மண் போட்டார். கூடாரத்துக்குத் திரும்பிக் கடிதத்தைக் கிழித்தார். பிறகு, கண்டெடுத்ததை எல்லாம் குறிக்கும் நோட்டைத் திறந்தார். இருபது வருஷமாக அதில் கல், கல், கல் என்றே இருந்தது. அடியில் எழுதினார்: “மனிதர், ஒருவர். உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார்.”