கீழே வைக்காத பை

வலது கையில் மேல்கம்பி, இடது கையில் அம்மாவின் கட்டைப்பை, வண்டலூரில் பஸ் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கமாகப் போய் வருகிறது, பையும் போய் வருகிறது, துணிக்கடைப் பெயர் பாதி அழிந்த பை, உள்ளே அம்மாவின் நீலச் சட்டை, புடவைக்கு மேலே போட்டுக்கொள்ளக் கொடுத்தது, துவைத்தும் ஃபினாயில் வாசனை போகவில்லை, சட்டையக் குடுத்துடும்மா, புதுசா வர்ற ஆளுக்கு வேணும் என்று சூப்பர்வைசர் தணிகைவேல் போன் மேல் போன் போடுகிறார், முதல் போனில் மட்டும் வருத்தம் சொன்னார், மாம்பாக்கத்துக்கு முன்னால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பு, அம்மா அங்கே படிக்கட்டும் கழிப்பறையும் கழுவினாள், ஸ்டேஷன் பத்தே நிமிடம் என்று அதன் விளம்பரத்தில் போட்டிருக்கும், யாருக்குப் பத்து நிமிடம் என்று போட்டிருக்காது.

எங்கள் பக்கம் போகவர வழியில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது, கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது, பஸ் இருக்கிறது, போனைத் தட்டினால் கார் வருகிறது, அந்தக் குடியிருப்புக்கென்றே ஒரு ஏசி வேன் இருக்கிறது, காலையில் குடியிருப்புக்காரர்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அம்மாவைத் தாண்டித்தான் திரும்பும், கையைக் காட்ட வேண்டியதுதானேம்மா என்றால், ஏசி எனக்கு ஒத்துக்காதுடி, மூக்கடைச்சுக்கும் என்பாள், ஏசியில் அவள் உட்கார்ந்ததே இல்லை, எனக்கோ கம்பெனி வேன், எங்கள் வீட்டில் நான் முதல் பட்டதாரி, அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது, அந்த வேனும் இதே சாலையில் அம்மாவின் கேட்டை உரசிக்கொண்டுதான் போகும், பின் சீட்டுகள் காலியாகவே போகும், அம்மாவை கேட் வரைக்கும் ஏற்றிக்கொள்ளலாமா சார் என்று வேனில் வைத்து ரெஜினால்டிடம் கேட்டேன், கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர் அவர், பாலிசி இல்லையேம்மா, இன்னிக்கு உங்கம்மா, நாளைக்கு ஒருத்தன் மாமியாரக் கூட்டிட்டு வருவான், அதுக்கப்புறம் நாய்க்குட்டி என்றார், வேனே சிரித்தது, கெட்ட மனிதர் இல்லை, பொங்கலுக்கு எல்லாருக்கும் கரும்பு வாங்கித் தருவார்.

ஆகவே அம்மா பஸ்ஸில் போனாள், நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் மடியில் வாங்கிக்கொள்வது இந்தப் பஸ்ஸில் ஒரு வழக்கம், பேர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, பை மட்டும் கைமாறும், நான் லீவு போட்ட ஒரு நாளில் அம்மாவோடு வந்தேன், செத்த வச்சுக்கம்மா என்று அம்மா பையை நீட்டுகிறாள், ஜன்னலோரத்து அம்மாள் பையைப் பார்க்கிறாள், நீலச் சட்டையைப் பார்க்கிறாள், அய்ய, என்னா நாத்தம், கீழ வச்சுக்கயேன் என்கிறாள், அம்மா சிரிக்கிறாள், இதே வாசனை உங்க வீட்டு பாத்ரூம்ல வந்தா சுத்தம்னு சொல்லுவீங்க, பஸ்ஸுல வந்தா நாத்தமா, பக்கத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், நான் வாயைத் திறந்தேன், அம்மா என் விலாவில் கிள்ளினாள், சும்மா இருடி, படிச்ச புள்ள பஸ்ஸுல சண்ட போட்டுச்சுன்னு பேரு வேணுமா, அப்ப கீழயாச்சும் வையேன்மா என்றேன், சோத்தக் கொண்டுபோய் ஊரான் கால்ல வைக்கச் சொல்றியா என்றாள், வைக்கவே மாட்டாள், ஒரு கையில் கம்பி, ஒரு கையில் சோறு, எத்தனையோ வருஷம் அப்படியே நின்றுகொண்டு போனாள், போகிறாள், கண்ணை மூடினால் கம்பெனி வேனுக்குள்ளும் நிற்கிறாள், சீட்டெல்லாம் காலி, உட்காரும்மா என்கிறேன், பாலிசி இல்லடி என்கிறாள், பையை மாற்றிப் பிடித்துக்கொள்கிறாள்.

போன மாசம் ஒரு காலையில் கொளப்பாக்கம் தாண்டி அம்மாவின் பஸ்ஸுக்கு மாடு குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக் போட்டார், அம்மா படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள், பைய விட்டுட்டு ரெண்டு கையால புடிச்சிருந்தா விழுந்திருக்க மாட்டாங்கம்மா, உசுரு போயிருக்காது, ஆனா பைய விடலியே என்று கண்டக்டர் ஆஸ்பத்திரி வாசலில் அழுதார், நான் அழவில்லை, பையை வாங்கிக்கொண்டேன், டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன், எலுமிச்சம்பழ சாதம் அப்படியே இருந்தது, ஒரு பருக்கை சிந்தவில்லை, அன்றைக்கு மரத்துப்போன மனசு இன்னும் திரும்பவில்லை, காய்ச்சல்காரி வாயில் சோறு மாதிரி நாள்கள் போகின்றன, நேற்று சட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பாதி நாள் லீவு வேண்டும் என்றேன், ரெஜினால்ட் கேட்டுவிட்டு எழுந்து வந்தார், எதுக்கும்மா லீவு, அம்மா பைதானே, நம்ம வேன்லயே கொண்டு வா, பின்னாடி சீட்டுல வச்சுக்க, கேட்ல ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்றேன், பாவம் என்றார், அம்மாவின் பைக்குச் சீட்டு இருக்கிறது, சொன்னது என்ன என்று அவருக்கே புரியவில்லை, வேண்டாம் சார், பஸ் இருக்கு என்றேன்.

பஸ் இருக்கிறது, கண்டிகை வந்துவிட்டது, கூட்டம் ஏறுகிறது, அக்கா, பையக் குடுங்க என்று முன்சீட்டில் ஒரு கல்லூரிப் பெண் கை நீட்டுகிறாள், அவள் கண் முதலில் என் கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டைக்குப் போய்விட்டுத்தான் பைக்கு வருகிறது, வேண்டாம், நாத்தமடிக்கும் என்கிறேன், என்னக்கா நாத்தம், சுத்தமாதான இருக்கு என்று இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள், அதே பை, அதே ஃபினாயில், கழுத்து மட்டும் வேறு, அவள் போனைப் பார்த்துக்கொண்டே பையின் மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறாள், சட்டை அமுங்குகிறது, அந்த உயரமான கட்டடங்கள் தெரிகின்றன, கேட் தெரிகிறது, நீலத்தில் யாரோ கூட்டுகிறார்கள், இறங்கறவங்க முன்னாடி வாங்க என்கிறார் கண்டக்டர், உங்க ஸ்டாப் எதுக்கா என்கிறாள் அந்தப் பெண், இன்னும் போகணும் என்கிறேன், ஜன்னலில் கேட் பின்னுக்கு நகர்கிறது, நான் இறங்கவில்லை, காலியாக இருக்கும் இடது கையைத் தூக்கிக் கம்பியில் வைக்கிறேன், வலது கைக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பஸ் திரும்புகிறது, நான் அசையவில்லை.