வலது கூடைக் கருவாடு

சுற்றுலாப் பேருந்து வளைவில் திரும்பும் சத்தம் கேட்டபோது நான் ஒரு கருவாட்டை அடித்துக்கொண்டிருந்தேன். மியொங்தே மீன் எங்கள் மலையில் பனிக்காலம் முழுக்க, கழிகளை நட்டுக் கட்டிய பந்தலில் தொங்கும். இரவில் உறைந்து, பகலில் இளகிக் காய்ந்து முடிந்தபின் அதற்கும் விறகுக்கட்டைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கட்டைமேல் கிடத்தித் தலையிலிருந்து வால்வரை மரக் கொட்டாப்புளியால் அடித்தால்தான் நார் நாராகப் பிரிந்து மெத்தென்று ஆகும். அடித்தால் பதமாகும் பொருள்கள் என்று எங்கள் ஊர் ஆண்கள் இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த இன்னொன்று அப்போது அடுப்படியில் நின்று அவர்களுக்கு சூப் ஊற்றிக்கொண்டிருக்கும். அதை என் வாயால் திரும்பச் சொல்லமாட்டேன். 'பனிமலை மருமகள்' டிவி தொடரில் அதைச் சொன்னவன்தான் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பதினான்காம் பாகம் அது, எங்கள் ஊரில்தான் எடுத்தார்கள். கட்டியவளை அடித்தே பழகிய கணவன், அவள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் எங்கள் பந்தல் வாசலில், பனியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். கேட்கிறபோதே பழக்கதோஷத்தில் அந்தப் பேச்சு வாயில் வந்துவிடுகிறது. மருமகள் ஒக்புன் பந்தலிலிருந்து ஒரு கருவாட்டை உருவி, அவன் கன்னத்தில் மூன்று அடி அடித்துவிட்டு, தொங்கும் மீன்களுக்கு நடுவே நடந்து போகிறாள். திரும்பிப் பார்ப்பதில்லை. நாடே அன்றைக்கு அழுதது. அதற்குப்பின் வாரம் தவறாமல் பேருந்துகள் வருகின்றன. மனைவிமார் ஒக்புன் மாதிரி சாம்பல்நிற ஏப்ரனும் தலைத்துணியும் கட்டிக்கொண்டு கணவன்மாரைக் கருவாட்டால் அடிக்கிறார்கள். அடித்துவிட்டுப் பந்தலுக்குள் நடந்து, பின்பக்கச் சாலைக்குப் போய், சுற்றுப்பாதையில் என் கடைக்கே வந்து சூடாக சூப் குடிக்கிறார்கள். அதுவரை கணவன் கண்ணைத் திறக்காமல் மண்டியிட்டிருக்க வேண்டும். தொடரின் பாட்டு முடிகிறவரை எழுந்திருக்கக்கூடாது. எழுந்தால் குடும்பம் பிரிந்துவிடும் என்று எவனோ கிளப்பிவிட்டான், அதையும் நம்புகிறார்கள். பாட்டு என் கடை ஒலிபெருக்கியில்தான் ஓடும். பொத்தானை அமுக்குவதும் நான்தான்.

கடை முன்னால் இரண்டு கூடைகள் வைத்திருப்பேன். இடது கூடையில் இருப்பது அடித்துப் பஞ்சாக்கிய கருவாடு. அதால் அடித்தால் ஈரத்துணி பட்ட மாதிரிதான் இருக்கும். வலது கூடையில் இருப்பது விற்பனைக்கு. அதை அடித்துப் பதமாக்குவது வாங்குகிறவர்கள் பாடு.

அன்று இறங்கியவர்களில் ஒருவர் எல்லாரையும் சிரிக்கவைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல கம்பளிக் கோட்டு, நல்ல பல். மனைவியின் கைப்பையைத் தன் தோளில் மாட்டியிருந்தார். அதைப் பார்த்துப் பேருந்துப் பெண்கள் "இப்படி ஒரு மனுஷன் கிடைக்கணுமே" என்று தங்கள் கணவன்மாரை இடித்தார்கள். வழிகாட்டிப் பெண் ஒலிவாங்கியில், "மாப்பிள்ளைங்க எல்லாம் வாங்க, முதல் அடி யாருக்கு?" என்று கூவியதும் அவர்தான் கையைத் தூக்கினார்.

"சித்தி, மெத்துன்னு இருக்கிற மீனாப் பாத்துக் குடுங்க. எங்கம்மாவுக்கு நான் ஒத்தப் பிள்ளை" என்றார் என்னிடம்.

"உங்க மூஞ்சிக்கு எந்த மீன்னாலும் தாங்கும்" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். மனைவி மட்டும் பந்தலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசை வரிசையாக, வாயைப் பிளந்துகொண்டு ஆயிரக்கணக்கில் தொங்கும் மீன்களை முதல்முறை பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவளோ தெரிந்த வீட்டுக்கு வந்தவள் மாதிரி நின்றாள்.

உடை மாற்றும் தடுப்புக்குள் அவளுக்கு ஏப்ரன் கட்டிவிட்டேன். நாடாவைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் பிடிக்க வரவில்லை.

"கையுறையைக் கழட்டும்மா, வழுக்குது பாரு."

தயங்கிக் கழற்றினாள். சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, வெளிப்பக்கமாக மடிந்திருந்தது.

"விழுந்துட்டேன்" என்றாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"கழுத்திலயும் விழுந்தியா?" என்றேன். என் வாய் அப்படி. தலைத்துணி கட்டும்போதே பார்த்துவிட்டேன், காதுக்குக் கீழே பழுத்துப்போன பச்சையாக நாலு விரல் தடம்.

அவள் கோபப்படவில்லை. சிரிப்புகூட வந்தது. "போன தடவை விலா எலும்பு சித்தி. அதுக்கு வாஷிங் மெஷின் வாங்கித் தந்தார். இது விரலுக்கு" என்று வெளியே பந்தலைக் காட்டினாள். "இந்த எடத்தைப் பாக்கணும்னு எத்தனையோ நாளாக் கேட்டுட்டிருந்தேன். விரல் உடைஞ்ச மறுநாள் டிக்கெட் வந்துடுச்சு."

"பிள்ளைங்க?"

"ஒரே பையன், தாவூன். போன மாசம் பட்டாளத்துக்குப் போயிட்டான். வீட்ல இருந்தவரைக்கும் அவன் நடுவுல வந்து நிப்பான்."

என் வீட்டுக்காரர் உலகமகா சோம்பேறி, செத்த அன்றுகூட மத்தியானம்வரை தூங்கிவிட்டுத்தான் செத்தார். ஆனால் ஒருநாள் கை நீட்டியதில்லை. "நீ ஒண்ணும் அடிக்க வேணாம். தலைவலின்னு சொல்லு. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

"மாட்டேன்னு சொன்னா அவருக்கு அவமானம் சித்தி. அடிச்சாலும் அவமானம். பஸ்ல எல்லார் முன்னாடியும் அவர்தான் பேர் குடுத்தார். குடுத்துட்டு என் காதுல, 'எண்ணி அடி. வீட்டுக்குப் போய் நானும் எண்ணித் தர்றேன்'னார்." ஏப்ரனை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். பிறகு, "பந்தலுக்கு அந்தப் பக்கம் நிஜமாவே ரோடு இருக்கா? தொடர்ல ஒக்புன் நடந்து போறா. ரோட்டுக்குப் போய்ச் சேர்றதைக் காட்டவே இல்லையே" என்று கேட்டாள்.

"இருக்கு. சோக்சோ பஸ் நிக்கும். கொஞ்ச நேரத்துல வரும்."

"சோக்சோல எங்கக்கா இருக்கா" என்றாள்.

கைபேசி, காசு எல்லாம் அவர் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தன. நான் என் பஸ் கார்டை எடுத்து அவள் ஏப்ரன் பையில் போட்டேன். "ஏப்ரனைத் திருப்பித் தர வேணாம்" என்றேன். வெளியே வந்தோம். இடது கூடையை நீட்டினேன். அவள் கை அதைத் தாண்டி வலது கூடைக்குப் போனது.

"அது திங்கிறதும்மா."

"தெரியும் சித்தி."

உள்ளதிலேயே பெரிய மீனை எடுத்து, வாலைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கத் தோன்றவில்லை. கடைக்குள் போய்ப் பாட்டுப் பொத்தானை அமுக்கினேன்.

அவர் பனியில் மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பேருந்துக் கூட்டம் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரைவட்டமாக நின்றது. முதல் அடி தோளில்தான் விழுந்தது, கோட்டுத் தூசி தட்டின மாதிரி. கூட்டம் ஏமாந்துபோய் "என்னக்கா, கொசுவா அடிக்கிறீங்க!" என்று கத்தியது. அவர் மூடிய கண்ணோடு சிரித்தார். "ஒண்ணு" என்றார், மெதுவாக, அவளுக்கு மட்டும். கடையிலிருந்து பார்த்த எனக்கு உதட்டசைவிலேயே புரிந்தது.

இரண்டாவது அடியின் சத்தம் வேறு. இந்த இடத்தில் எத்தனையோ அடி கேட்டிருக்கிறேன், எல்லாம் 'பொத்' என்று விழும். இது வாசல் கதவைக் கட்டையால் தட்டினமாதிரி 'டக்'கென்று விழுந்தது. காதின் மேல்விளிம்பு கிழிந்து, கோட்டுக் காலரில் ரத்தம் இறங்கியது. அவர் கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு எனக்கு அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடச் சந்தேகமில்லை. சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது, கண் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டது.

அவள் கையை எட்டிப் பிடித்தார், சரியாக அந்த விரலை. பிடித்து முறுக்கினார். அவள் போட்ட அலறலில் பந்தலில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. கூட்டம் கைதட்டியது.

"அடேயப்பா, என்ன நடிப்பு!"

"தொடர்ல நடிச்சவளைவிட இந்தக்கா பிரமாதம்!"

அவர் மண்டியிட்டபடியே அவள் வயிற்றில் ஒரு குத்து விட்டார். அவள் ஒரு கால் பிசக, மடங்கி விழுந்தாள். தலைத்துணியோடு முடியைப் பிடித்து இழுத்து, முகத்தைப் பனியில் வைத்துத் தேய்த்தார். பனி சிவந்தது. அவள் உதடா, அவர் காதா, யாருடைய ரத்தம் என்று தெரியவில்லை. "சாயம் எங்க வாங்கினாங்க, நிஜம் மாதிரியே இருக்கு" என்றாள் ஒருத்தி. வழிகாட்டிப் பெண் ஒலிவாங்கியில், "புதுக் காட்சி! இது நம்ம பஸ்ஸுக்கு மட்டும் ஸ்பெஷல்!" என்றாள். ஒரு சின்னப் பெண் மட்டும் கைபேசியை இறக்கி, "இது பாகத்துல இல்லையே" என்றாள். யாரும் அவளைக் கண்டுகொள்ளவில்லை.

நான் கத்தினேன். "நிஜமாவே அடிக்கிறான்டி, கண்ணு அவிஞ்சா போச்சு உங்களுக்கு!" என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள். கடைக்காரச் சித்தியும் நடிக்கிறாள் என்று இரண்டு கைபேசிகள் என் பக்கம் திரும்பின. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அத்தனை பேரையும் கட்டைமேல் கிடத்தி அடித்திருப்பேன். கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேரத் தேவைப்படவில்லை. பனிக்குள் துழாவிய அவள் கைக்கு மீன் மறுபடி சிக்கியது. உடைந்த விரலோடு இரண்டு கையாலும் பிடித்து, கீழேயிருந்து மேலே வீசினாள். மீன்தலை அவர் மூக்கில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. அவர் முடியை விட்டார். பின்னால் சாய்ந்து, சரியாக முதலில் மண்டியிட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கொட்டியது. மீன் நடுவில் இரண்டாக உடைந்திருந்தது.

"மூணு!" என்று கூட்டம் ஒரே குரலில் கத்தியது.

அவள் எழுந்தாள். ஏப்ரன் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துப் பந்தலுக்குள் நுழைந்தாள். தொங்கும் மீன்கள் அவள் தோளில் இடித்து ஒன்றோடொன்று மோதின. நாலைந்து வரிசை தாண்டியதும் அவள் சாம்பல்நிறமும் மீன்களின் நிறமும் ஒன்றாகிவிட்டன. திரும்பிப் பார்த்தாளா என்று தெரியாது.

அவர் ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார். அரைவட்டம் முழுக்கச் சத்தம் போட்டது.

"உக்காருங்க மாப்பிள்ளை! பாட்டு முடியல!"

"எழுந்தா குடும்பம் பிரிஞ்சிரும் சார், உக்காருங்க!"

இரண்டு ஆண்கள் சிரித்துக்கொண்டே போய் அவர் தோளை ஆளுக்கொரு பக்கம் அமுக்கினார்கள். வழிகாட்டிப் பெண் காகிதக் கைக்குட்டையை நீட்டி, "கண்ணை மூடிக்கணும் சார்" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ரத்தக்குமிழிதான் வந்தது. சுற்றிலும் நாற்பது கைபேசிகள். அந்த மனிதருக்கு ஊர் முன்னால் நல்லவராக இருப்பதுதான் உயிர். அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தானோ, இல்லை மண்டை கலங்கித்தானோ, அவர் திரும்பவும் சிரிக்கப் பார்த்தார்.

நான் கொட்டாப்புளியோடு கடைக்குத் திரும்பினேன். பாட்டு கடைசி அடிக்கு வந்திருந்தது. பின்சாலையில் பேருந்து வந்து நின்ற சத்தம் எதுவும் இன்னும் கேட்கவில்லை. மலையில் பனி விழுந்தால் அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்தக் காலோடு அவள் சாலைவரை போய்ச் சேர்ந்திருப்பாளா என்றும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. தோளை அமுக்கியிருந்த ஆண்கள் கையை எடுத்தார்கள். அவர் ஒரு முழங்காலைத் தூக்கினார். நான் பொத்தானை மறுபடி அமுக்கினேன்.

பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்ததும் கூட்டம் 'ஹோ'வென்று கத்தியது. "சித்தி விடமாட்டாங்க போலிருக்கே!" என்று அந்த ஆண்கள் குதூகலமாக அவரைத் திரும்ப அமுக்கி உட்காரவைத்தார்கள். அவர் தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தார். இந்த முறை வாயிலும் சிரிப்பு இல்லை. பார்க்கட்டும். ஒரு கை பொத்தானில், ஒரு கை கொட்டாப்புளியில் வைத்துக்கொண்டு நானும் பார்த்தேன்.

காற்றே இல்லாத நாள் அது. பந்தலின் கடைசிக்குச் சற்று முன்னால், ஒரே ஒரு வரிசையில் மட்டும் மீன்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.