அனுமதியின்றிச் சொறிதல்

சுற்றறிக்கை எண் 114 செவ்வாய்க்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஏறியது.

"நமது வளாகத்தில் நாய் ஒன்று அலுவலக நேரத்தில், பலரும் பார்க்கும் இடங்களில், அனுமதியின்றித் தொடர்ச்சியாகச் சொறிந்துகொள்வது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. திங்கட்கிழமை தலைமை அலுவலக அதிகாரி வருகை தருவதை முன்னிட்டு, மேற்படி நாய் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொறிவதை நிறுத்த வேண்டும். தவறினால் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படும்."

நகல் பெறுவோர் பட்டியலில் எல்லாப் பிரிவுகளும் இருந்தன. நாய் மட்டும் விடுபட்டிருந்தது.

அந்தக் கம்பெனியில் கடித உறைகள் செய்கிறார்கள். மேலாளர் செய்வது சுற்றறிக்கை. குடிநீர்க் குழாயை எத்தனை சுற்றுத் திருப்பலாம், நாற்காலியைத் தூக்கி வைப்பதா இழுத்து வைப்பதா, தும்மல் வந்தால் எந்தப் பக்கம் திரும்புவது என்று அவர் தொடாத துறை இல்லை. ஆகவே ஊழியர்கள் அவருக்குச் சூட்டிய பெயரும் சுற்றறிக்கைதான். நாய்க்குப் பெயர் ஃபைல். பழுப்பு நிறம், போட்ட இடத்தில் கிடக்கும், யாரும் அவசரப்பட்டு எழுப்புவதில்லை.

அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு வாட்ச்மேன் கேட்டுக்குத் திரும்பினார். கழிவுக் காகித லாரியில் குட்டியாக வந்து இறங்கிய நாளிலிருந்து ஃபைல் அவருடைய நாற்காலிக்கடியில்தான் வளர்ந்தது. பகல் முழுக்க கேட்டில் அவரோடு உட்கார்ந்திருக்க வேறு ஆள் கிடையாது. இப்போது மூன்று வாரமாக அதன் காது மடல் ஓரமெல்லாம் முடி கொட்டி, முழங்கை வழுக்கையாகி, வயிறு சிவந்து கிடந்தது. தூங்கும்போதுகூடப் பின்னங்கால் சொறிந்துகொண்டே இருந்தது.

"நாலு நாள்ல நிறுத்துன்னா நான் அதுக்கு எப்படிப் புரியவைப்பேன்?" என்று டெஸ்பாட்ச் அக்காவிடம் புலம்பினார். தபால் அனுப்பும் பிரிவு அவருடையது. கம்பெனியில் எதற்கும் அசராத ஒரே ஆளும் அவர்தான்.

அதற்குள் ஃபோர்மேன் ஒரு டப்பாவோடு வந்துவிட்டார். "கழிச்ச மெஷின் ஆயில். ஒரே பூச்சு, சொறி ஓடிடும்."

"நாயும் சேர்ந்து ஓடிடும்ணே" என்றார் வாட்ச்மேன்.

"அது நக்குமே! வயித்துக்குள்ள போனா என்ன ஆகறது? அது என்ன உங்க மெஷினா?" என்று அக்கா பிடித்துக்கொண்டார்.

"எனக்கென்னம்மா வந்துச்சு? நான் அந்த நாயைத் தொட்டதுகூட இல்லை. எண்பத்தெட்டு இருக்குல்ல!"

எண்பத்தெட்டு என்பது நாயைத் தொடவோ, கொஞ்சவோ, பெயர் சொல்லி அழைக்கவோ கூடாது என்ற பழைய சுற்றறிக்கை. வாட்ச்மேனைத் தவிர, கம்பெனியில் எல்லோரும் அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து வந்தார்கள். கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள்.

வியாழக்கிழமை மதியம் அக்கா போன் போட்டு வரவழைத்த கால்நடை டாக்டரம்மா வேனில் வந்து இறங்கினார். ஃபைலின் காது மடலை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தார். உடனே பின்னங்கால் காற்றில் மேளம் வாசிக்கத் தொடங்கியது.

"பார்த்தீங்களா, இந்தக் காலே சொல்லிடுச்சு" என்றவர், தோலை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, வருகைப் பதிவேட்டின் மேல் மைக்ரோஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். பிறகு வாட்ச்மேனையும் பார்க்கச் சொன்னார்.

"எட்டுக் கால் இருக்கு டாக்டரம்மா! இத்துனூண்டா இருந்துக்கிட்டு இவ்வளவு அட்டகாசமா?"

"சொறிப் பூச்சி. ஒரு மாத்திரை இப்பவே கொடுத்துடறேன், ஒரு மாசம் கழிச்சு இன்னொண்ணு. புண்ணு கொஞ்சம் ஆறட்டும், திங்கட்கிழமை காலையில மருந்து ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டுங்க. நுரை பத்து நிமிஷம் உடம்புல நிக்கணும், அதுக்கு முன்னாடி கழுவினா பிரயோஜனமே இல்லை. கையுறை போட்டுக்கோங்க. அது படுக்கிற காகிதத்தை எல்லாம் எடுத்துக் கடாசுங்க. எண்ணெய் கிண்ணெய் எதுவும் தடவக் கூடாது."

ஃபோர்மேனின் டப்பா முதுகுக்குப் பின்னால் போனது.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொறியறது நின்னுடுமா?" என்றார் வாட்ச்மேன்.

"ரெண்டு வாரமாவது ஆகும்ணே."

வாட்ச்மேன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டாக்டரம்மா பெட்டியை மூடிக்கொண்டே, "இதை யார் யார் கொஞ்சறீங்க? அவங்களுக்கும் கையில, வயித்துல அரிக்குமே. நாய்க்குச் சரியானா தானா அடங்கிடும். இருந்தாலும் தோல் டாக்டரைப் பார்த்துடுங்க" என்றார்.

வாட்ச்மேன் பெருமையாக இரண்டு கையையும் நீட்டினார். அக்கா புடவைத் தலைப்பை முழங்கைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அக்கா, நீங்களுமா?"

"மதியம் ஒரு வாய் வைப்பேன். அப்போ லேசா..." என்று அக்கா முதல்முறையாக அசந்தார்.

ஃபோர்மேன் யாரையும் பார்க்காமல் சட்டைக்குள் கையைவிட்டு வயிற்றைச் சொறிந்துகொண்டார். அதற்குமேல் அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டு வாரம் அவகாசம் வேணும்னு நானே சொல்றேன், வாங்க" என்று டாக்டரம்மா மேலாளர் அறைக்கு நடந்தார். மூவரும் பின்னால் போனார்கள். கதவைத் தட்டித் திறந்தபோது, மேலாளர் பன்னிரண்டு அங்குல ஸ்கேலைச் சட்டைக்குள் செருகி, கண்ணை மூடி, சொர்க்கத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கேல் மேசைக்கு வந்தது. டை நேரானது. "வேலைப் பளு. இது அதனால வர்ற சூடு."

டாக்டரம்மா அவர் மணிக்கட்டைப் பார்த்தார். "வேலைப் பளு இப்படிச் சிவப்புப் பொட்டா வராது சார். இந்தப் பூச்சி பறக்காது, குதிக்காது. ஒட்டி உரசினாத்தான் ஏறும். இவ்வளவு இருக்குன்னா மடியிலேயே வச்சிருந்திருக்கணும்."

"என்ன பேச்சு இது? எண்பத்தெட்டைப் போட்டவனே நான்!"

"பூச்சிக்கு நகல் அனுப்பலையே சார்" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்துத் திறந்த கதவு வழியாக ஃபைல் வந்தது. யாரையும் கண்டுகொள்ளாமல் மேசையைச் சுற்றிப் போய், மேலாளரின் முழங்காலில் முன்னங்கால்களை வைத்து, தினமும் ஏறும் இடத்தில் ஏறிப் படுத்தது. அவர் தள்ளிவிடக் கையைத் தூக்கினார். கை அதன் முதுகில் போய் உட்கார்ந்தது.

"தினம் ஏழரைக்கே வந்துடறேன்" என்றார். குரலில் மேற்படியும் இல்லை, முன்னிட்டும் இல்லை. "வாட்ச்மேன் எட்டுக்குத்தானே வருவார். அதுவரைக்கும் நான் எழுதினதை இதுக்குப் படிச்சுக் காட்டுவேன். இது ஒண்ணுதான் முழுசாக் கேட்கும்."

"நூத்திப் பதினாலையும் படிச்சுக் காட்டினீங்களா சார்?" என்றார் வாட்ச்மேன்.

மேலாளர் நாயின் காதைப் பார்த்தார். "அதை மட்டும் காட்டலை."

"அப்புறம் ஏன் சார் வெளியே அனுப்பறீங்க?"

"வர்றவர் சாதாரணப்பட்ட ஆள் இல்லைய்யா. ஒரு கிளையில தொட்டிச்செடி வாடியிருந்ததுக்கே விளக்கம் கேட்டவர்."

அரை மணி நேரத்தில் சுற்றறிக்கை எண் 115 வந்தது. மருத்துவக் காரணங்களை முன்னிட்டு நாய்க்கு இரண்டு வாரம் சொறிய அனுமதி. ஆனால் வாட்ச்மேனிடம் மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது வேறு: "அதிகாரி பதினோரு மணிக்கு. பத்துக்குள்ள குளிப்பாட்டி மறைச்சுடணும். அவர் கண்ணுல பட்டா என்னால காப்பாத்த முடியாது."

திங்கட்கிழமை ஒன்பதுக்குப் பின்கட்டில் வேலை ஆரம்பித்தது. வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தார். வாளியைத் தூக்க வந்த ஃபோர்மேன், நுரையடித்தது யார் என்று பார்த்து வாளியைக் கீழே வைத்தார். முழங்கைவரை சட்டையைச் சுருட்டி, கையுறை போட்டு, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு மேலாளரே குந்தியிருந்தார். ஃபைல் கம்பெனியின் முழு அதிருப்தியையும் முகத்தில் தாங்கி நின்றது.

ஒன்பது இருபதுக்கு, பதினோரு மணி அதிகாரி பின்கட்டு வாசலில் நின்றார். கோட்டு, பளபளக்கும் பெட்டி, முன்கூட்டியே சுருக்கிய புருவம்.

வாட்ச்மேன் குழாயை நாய்ப் பக்கம் திருப்பினார். "சார், கழுவிடட்டா? ஓட்டிட்டுப் போயிடறேன்" என்று கிசுகிசுத்தார்.

மேலாளர் எழவில்லை. ஒரு கையால் நாயைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கணும் சார். நுரை பத்து நிமிஷம் நிக்கணும். ஏழுதான் ஆகியிருக்கு."

"இது யாருடைய நாய்?" என்றார் அதிகாரி.

சுற்றறிக்கை மொழியில் அதற்கு எத்தனையோ பதில்கள் இருந்தன. மேலாளர் அவற்றில் எதையும் எடுக்கவில்லை.

"நம்ம நாய் சார்."

ஃபைல் உடம்பைச் சிலுப்பியது. நுரை கோட்டில் நாலு இடத்தில் விழுந்தது. அதிகாரி கோட்டைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். பெட்டியைப் படியில் வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்து குனிந்தார்.

"காதுக்குப் பின்னாடி நுரையே படலையே. அங்கதான்யா பூச்சி குடியிருக்கும். எங்க வீட்டுல ரெண்டு நாய் இருக்கு, எனக்குத் தெரியாதா?"

அவர் கை நீள்வதைப் பார்த்த வாட்ச்மேன், "தொடாதீங்க சார், அரிக்கும்!" என்று கத்தி, பாக்கெட்டிலிருந்து இன்னொரு ஜோடிக் கையுறையை எடுத்து நீட்டினார்.