எந்தக் கால் முன்னால்

ஷேர் ஆட்டோவில் ரேணுகாம்பாள் முன்னால் போக, ஸ்கூட்டரில் நான் பின்னால் போனேன். என் பின்சீட்டில், அவள் உட்கார வேண்டிய இடத்தில், கேஷவின் லாங்போர்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். கட்டிய பெண்டாட்டியை ஆட்டோவில் அனுப்பிவிட்டு ஒரு பலகையைச் சுமந்துகொண்டு போகிறவனைப் பற்றி சேலையூர் என்ன நினைக்கும்? நினைத்துவிட்டுப் போகட்டும். எட்டு மாதமாக எங்கள் பயணமெல்லாம் இப்படித்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால் கேம்ப் ரோடு வளைவில் ஸ்கூட்டர் மணலில் சறுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடது கால் எலும்பு முறிந்து உள்ளே பிளேட் வைத்தார்கள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று வேகமாகத் திருப்பியது நான்தான். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். கால் தேறியதும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க. கொண்டுபோய் விடட்டுமா என்றால், "பரவால்லங்க" என்பாள். அந்தப் பரவாயில்லை என்னை அரித்துத் தின்றது.

கேஷவ் அவளுடைய அக்கா மகன். அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தவன், பெட்டி எடை கூடிவிட்டதென்று இந்த நாலு சக்கரப் பலகையை எங்கள் ஹாலில் விட்டுப் போனான். சாதாரண ஸ்கேட்டிங் பலகையைவிட நீளம், சக்கரமும் பெரிது. வித்தை காட்டுவதற்கல்ல, சும்மா மிதந்து போவதற்கு என்றான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தான். முதலில் தரைவிரிப்பின் மேல் வைத்து வெறுமனே ஏறி நில்லுங்கள். முழங்காலைத் தளர விடுங்கள். காலைப் பார்க்காதீர்கள், போகிற இடத்தைப் பாருங்கள். காலுக்குப் பழக்கம் வரட்டுமென்று ஏறிய ரேணுவுக்கு இறங்க மனசு வரவில்லை. சாயங்காலங்களில் விளக்குகூடப் போடாமல், கண்ணை மூடி, பலகையில் லேசாக அசைந்துகொண்டு நிற்பாள். "ஓடத்துல நிக்கற மாதிரி இருக்குங்க." அந்த ஓடம் எங்கே போகிறதென்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்று காலை நாங்கள் வந்து நின்றது தாம்பரம் தாண்டி, இன்னும் வண்டி விடாத புது பைபாஸ். தை மாதப் பனி. குன்றத்தூர் மலை இருக்க வேண்டிய திசையில் ஒன்றுமே இல்லை, வெள்ளை மட்டும். கறுத்த தார் மெல்லச் சரிந்து அதற்குள் போயிற்று. ரேணு கான்வாஸ் ஷூவின் கயிற்றை இறுக்கி, என் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். தாளில் ஒரு வரிதான் பாக்கி. எந்தக் காலை முன்னால் வைப்பதென்று தெரியாதவர் கால்களைச் சேர்த்து நிற்க வேண்டும். இன்னொருவர் பின்னாலிருந்து மெல்லத் தள்ள வேண்டும். தானாக எட்டி வைக்கிற கால்தான் முன்னங்கால்.

"தள்ளுங்க" என்று முதுகைக் காட்டி நின்றாள்.

கையைத் தூக்கினேன். இறக்கிவிட்டேன்.

"உனக்கே தெரியாதா ரேணு, எந்தக் கால்னு?"

"தெரியாதுங்க. தள்ளுங்க."

"மறுபடியும் நானே உன்ன விழ வைக்கணுமா?"

அவள் திரும்பவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உங்க மேல கோவம் இருக்குங்க. இல்லன்னு சொல்லல. இப்ப தள்ளுங்க."

தள்ளினேன். எட்டி வந்தது இடது கால், பிளேட் வைத்த கால். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை திடீரென்று பதில் சொன்னதுபோல ரேணு அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு அதையே பலகையில் வைத்தாள். வலது காலால் தரையை இரண்டு தடவை உந்தினாள். அந்தக் காலையும் ஏற்றி, பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கினாள். பத்தடி கூடவே ஓடினேன், மூச்சு வாங்கியது. சக்கரச் சத்தம் தேய்ந்தது. பனி அவளை மூடிக்கொண்டது. நான் அழுதேன். யார் பார்க்கப் போகிறார்கள்?

"ஏங்க!" கீழேயிருந்து கூப்பிட்டாள்.

ஸ்கூட்டரில் ஏறினேன். இன்ஜினைப் போடவில்லை. சரிவு தானாக இழுத்துக்கொண்டு போனது. காதோரம் காற்று மட்டும். சாலை சமமாகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், நெற்றியில் முடி ஒட்டி, முகமெல்லாம் சிவந்து. விழவில்லை. நான் இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை அவளே இழுத்துப் பூட்டினாள்.

"திரும்பி நில்லுங்க."

கால்களைச் சேர்த்து வைத்தேன். எதிரே வெள்ளை. எனக்குப் பின்னால் அவள் மூச்சுச் சத்தம் நெருங்கி வந்து, நின்றது.